பில்லு கேளு சித்தப்பா: அஞ்சு நாள் வெதை சுத்தல்

முதல் நாள், திங்கள்

காட்பாடி ஸ்டேஷன்ல இறங்கும்போது மணி 9 கூட ஆகல, அதுக்குள்ள தார் ரோடு கொதிக்க ஆரம்பிச்சாச்சு. ஆனி மாசமாம். வேலூர் வெயிலுக்கு மாசக் கணக்கெல்லாம் யாரும் சொல்லிக் குடுக்கல. சித்தப்பா அதே பழைய பைக்கோட வெளிய நின்னாரு, "இன்னா பாப்பா இளைச்சிட்ட"ன்னாரு, வருஷா வருஷம் சொல்றதுதான், நான் வருஷா வருஷம் ரெண்டு கிலோ ஏறிட்டுதான் வர்றேன்.

இந்த தடவை லீவு போட்டு வந்ததுக்கு காரணம் இருக்கு. போன வருஷம் சித்தப்பா 40 சென்ட்ல தக்காளி வச்சாரு, ஹைப்ரிட் வெதை, டவுன்ல ஒரு கடையில வாங்குனது. செடி நல்லாதான் வந்துச்சு. காய் புடிச்சப்ப பாத்தா ஒரே பாக்கெட்டுல வந்த செடியில மூணு ஜாதி காய், ஒண்ணு உருண்டை, ஒண்ணு முட்டை மாதிரி நீட்டம், இன்னொண்ணு கோலிகுண்டு சைஸ்லயே நின்னு பழுத்துருச்சு. மண்டியில கலப்பு காய்னு பாதி ரேட்டுக்கு கேட்டாங்க. கடைக்காரரு "தண்ணி பாய்ச்சல் சரியில்லப்பா"ன்னு முடிச்சுட்டாரு. பில்லு எங்கன்னு நான் போன்ல கேட்டேன், இல்ல. பாக்கெட்டாவது இருக்கான்னேன், அது வரப்புல பறந்து போச்சாம். நான் ஆபீஸ்ல அக்கவுண்ட்ஸ் பாக்குறவ, வவுச்சர் இல்லாம ஒரு டீ காசு கூட பாஸ் பண்ண மாட்டேன், என் சொந்த சித்தப்பா 40 சென்ட் பயிரை ஒரு துண்டு சீட்டு கூட இல்லாம தொலைச்சிருக்காரு. அதான் இந்த ஆடிப்பட்டத்துக்கு கூடவே நின்னு பில்லோட வாங்கித் தரணும்னு கிளம்பி வந்துட்டேன்.

நேரா அதே கடைக்குதான் போனோம். ஏன் அதே கடைன்னு கேட்டா "வேற எங்க போறது"ன்னாரு. உள்ள ஏறுனா மருந்து வாடை மூக்கை அடைக்குது, ஒரு பக்க சுவர் முழுக்க பளபளன்னு வெதை பாக்கெட், தக்காளி, மிளகா, வெண்டை, தர்பூசணி, எல்லாத்துலயும் சினிமா போஸ்டர் மாதிரி காய் போட்டோ. ஒரு 10 கிராம் தக்காளி பாக்கெட்டை எடுத்து பின்பக்கம் படிச்சேன், முளைப்புத்திறன், புறத்தூய்மை (கல்லு, தூசி, வேற வெதை கலக்காம இருக்கறது), லாட் நம்பர் (எந்தக் குவியல்ல இருந்து வந்த வெதைன்னு சொல்ற நம்பர்), சோதனை பண்ண தேதி, எது வரைக்கும் செல்லும்னு எறும்பு சைஸ் எழுத்துல எல்லாம் இருக்கு. விலை 640. கிலோ கணக்கு போட்டா 64,000 ரூபா. சித்தப்பா ஏக்கருக்கு 40 கிராம் போதும்ங்கறாரு, அதனால கிலோ ரேட் யாருக்கும் உறைக்கிறதில்ல.

கடைக்காரரு ஒரு நீளமான நோட்டை திறந்து "போன பாக்கி 11,400 நிக்குது, பரவால்ல, எடுத்துக்கோ"ன்னாரு. சித்தப்பா தலையை சொறிஞ்சாரு. நான் முழங்கையால இடிச்சேன். "நாளைக்கி வந்து எடுத்துக்கறேன் ணா"ன்னு சொல்லிட்டு இறங்கிட்டாரு.

வெளிய வந்து டீக்கடையில சொன்னாரு, "பாக்கி வச்சிக்கினு இருக்கிறவன் இன்னா மூஞ்சிய வச்சிக்கினு பில்லு கேக்குறது பாப்பா? வெதை, மருந்து, உரம் எல்லாம் அவருதான் காய் வர்ற வரைக்கும் தர்றாரு. பேங்க்ல அலைய வுட்டாங்க, இவரு ஒரு நாளும் அலைய வுட்டதில்ல." சென்னையில உக்காந்து "பில்லு கேக்க மாட்டியா"ன்னு போன்ல கத்துனப்ப இது எனக்கு தோணவே இல்ல.

ராத்திரி ஒடுகத்தூர் பக்கம் வீட்டுல கொசுவர்த்தி புகையில போன்ல சட்டம் படிச்சேன். 1983 விதை கட்டுப்பாட்டு ஆணைன்னு ஒண்ணு இருக்கு, அதுல வியாபாரி வாங்குறவங்களுக்கு ரொக்க ரசீதோ கடன் ரசீதோ குடுத்தே ஆகணும்னு இருக்கு. கடன் ரசீது! டெல்லியில உக்காந்து எழுதுனவனுக்கும் இந்த நீள நோட்டு தெரிஞ்சிருக்கு. ஆனா 1966 விதைச் சட்டத்துல தப்பு பண்ணவனுக்கு முதல் தடவை அபராதம் அதிகபட்சம் 500 ரூபா, ஒரு பாக்கெட் தக்காளி வெதையை விட கம்மி. நஷ்டஈடு பத்தி அதுல பேச்சே இல்ல. 2004ல புது மசோதா, 2019ல வரைவு, 2025 நவம்பர்ல இன்னொரு வரைவு, இப்படி வந்துக்கிட்டேதான் இருக்கு. நடுவுல ஒரு நல்லது, 2012ல சுப்ரீம் கோர்ட் வெதை வாங்குற விவசாயியும் நுகர்வோர்தான்னு தீர்ப்பு சொல்லிருச்சு, அதனால நுகர்வோர் கோர்ட்டுக்கு போகலாம். போறதுக்கு என்ன வேணும்? பில்லு.

ரெண்டாம் நாள், செவ்வாய்

செவ்வாய்னா பொய்கை சந்தை. பெங்களூர் ஹைவேயை ஒட்டி மாடு, ஆடு, கயிறு, மணி, சலங்கை, லாடம்னு விடியக்காலையிலயே ஜனம். துண்டுக்கு அடியில விரலைப் புடிச்சு விலை பேசுறதை இன்னும் ரெண்டு பெரியவங்க செய்றாங்க, மத்தவங்க போன்ல கால்குலேட்டர் தட்டுறாங்க.

ஓரத்துல ஒரு பாட்டி சாக்கு விரிச்சு வெதை வச்சிருந்தாங்க. கீரை, பீர்க்கன், பொடலை, சொரை, கொத்தவரை, எல்லாம் சின்ன சின்ன துணி மூட்டையில. டீ கிளாஸ் ஒண்ணுதான் அளவு, கீரைக்கு மட்டும் ஸ்பூன். முளைக்குமா பாட்டின்னு சும்மா கேட்டதுக்கு "முளைக்கலன்னா அடுத்த செவ்வாக்கெழமை இங்கயேதான் இருப்பேன், வந்து திட்டு"ன்னாங்க. அந்த கடை சுவர்ல தொங்குன போட்டோ பாக்கெட் ஒண்ணும் இப்படி சொல்லாது. பீர்க்கன் ஒரு கிளாஸ் வாங்கிட்டேன், மாடியில வைக்க. (சென்னை மாடியில பீர்க்கனுக்கு எங்க பந்தல் போடுறதுன்னு இன்னும் யோசிக்கல.)

அங்கிருந்து விரிஞ்சிபுரம். "விரிஞ்சிபுரம் மதிலழகு"ன்னு சொல்லுவாங்களே, அந்த மார்க்கபந்தீஸ்வரர் கோயில் மதில் நிழல்ல பத்து நிமிஷம் உக்காந்துட்டு வேளாண் பல்கலைக்கழகத்தோட ஆராய்ச்சி நிலையத்துக்கு போனோம், வேளாண் அறிவியல் நிலையமும் (கேவிகே) அங்கதான். சித்தப்பாவுக்கு மல்லாட்ட வெதை விசாரிக்கணும். சென்னையில வேர்க்கடலைன்னு சொல்லி பழகிட்டேன், காட்பாடி தாண்டிட்டா வாய் தானா மல்லாட்டன்னு திரும்பிடுது.

மல்லாட்ட கணக்கு கேட்டு எனக்கு ஆச்சரியம். ஏக்கருக்கு கிட்டத்தட்ட 50 கிலோ பருப்பு வெதைக்கு போகுது. மகசூல் வந்தா போட்டதுக்கு எட்டு பத்து மடங்கு, அவ்ளோதான். நெல்லு 20, 25 கிலோ போட்டா நூறு மடங்கு கிட்ட வரும். அதாவது ஒரு ஊருக்கு மல்லாட்ட வெதை குடுக்கணும்னா லாரி லாரியா தூக்கணும், குடோன் வேணும், பூச்சி விழுவும், எட்டு மாசத்துல முளைப்பு இறங்கிடும். போதாததுக்கு ஒரு தடவை வாங்குன விவசாயி அடுத்த தடவை தன்னோடதையே எடுத்து வச்சுக்குவான், கம்பெனி பக்கம் வரவே மாட்டான். அதனாலதான் கடை சுவர்ல நூறு தக்காளி பாக்கெட் தொங்குது, மல்லாட்ட ஒண்ணு கூட இல்ல. 1988ல புது விதைக் கொள்கை வந்து கதவைத் திறந்து விட்டதுல இருந்து தனியார் மார்க்கெட் வளர்ந்துக்கிட்டே போகுதுன்னு சொல்றாங்கல்ல, வளர்ந்தது இந்த இலேசான, விலை கூடுன, திரும்ப திரும்ப வாங்கியே ஆக வேண்டிய பாக்கெட்டுதான். மானாவாரி மல்லாட்டக்காரன் இன்னும் அரசாங்க டிப்போவையும் பங்காளி வீட்டையும்தான் பாத்துக்கிட்டு இருக்கான்.

அங்க இருந்த ஒரு சாரு வெதைப் பையில வர்ற அட்டையோட கலரை சொல்லிக் குடுத்தாரு. ரகத்தை உருவாக்குனவங்க எடுக்குற வல்லுநர் விதைக்கு மஞ்சள், அதுல இருந்து பெருக்குற ஆதார விதைக்கு வெள்ளை, அதையும் பெருக்கி விவசாயிக்கு வர்ற சான்று விதைக்கு நீலம், கம்பெனி தானே உறுதி சொல்ற உண்மைநிலை விதைக்கு பச்சை. பச்சைன்னா மோசம்னு இல்ல, ஆனா அதை வயல்ல வந்து விதைச் சான்றுத்துறை ஆள் பாத்திருக்க மாட்டாங்க, அவ்ளோதான் வித்தியாசம்னாரு. சித்தப்பா 30 வருஷமா விவசாயம் பாக்குறாரு, பச்சைன்னா அரசாங்க முத்திரைன்னு நினைச்சுக்கிட்டு இருந்தாராம்.

சாயந்திரம் வீட்டுல ஒரு வேலை ஆரம்பிச்சோம். சித்தப்பா சொந்தமா எடுத்து வச்ச மல்லாட்டயில 100 பருப்பு, பலமநேர்ல இருக்கிற சித்தி தம்பி குடுத்தனுப்புன கதிரி லேபாக்ஷி 100 பருப்பு, தனித்தனி ஈரச் சாக்குல வரிசையா அடுக்கி சுருட்டி வச்சோம். லேபாக்ஷி ஆந்திராவுல கதிரி ஆராய்ச்சி நிலையத்து ரகம், வறட்சி தாங்குதுன்னு பேரு, பார்டர் தாண்டி சொந்தக்காரங்க வழியா மூட்டை மூட்டையா இங்க வந்துருச்சு. அதுக்கு எந்த கலர் அட்டையும் கிடையாது, மச்சான்ங்கிற அட்டைதான்.

மூணாம் நாள், புதன்

இலவம்பாடி. சித்தியோட அக்கா வீடு. இந்த ஊரு முள்ளு கத்திரிக்காய்க்கு 2023ல புவிசார் குறியீடு கிடைச்சுது, வேலூர் முள்ளு கத்திரிக்காய்னு. காம்புலயும் இலையிலயும் முள்ளு, ஊதாவும் பச்சையும் கலந்த காய், பறிக்கிறவங்க விரலைப் பாத்தாலே ஊரு பேரு சொல்லிடலாம்.

பெரியம்மா வெதைக்குன்னு விட்ட காய் செடியிலயே மஞ்சளா பழுத்து தொங்குது. நடு வயல் செடியில ரெண்டாவது மூணாவது பறிப்புல வந்த காயா பாத்து, பூச்சி ஓட்டை இல்லாததா, துணி கட்டி அடையாளம் வச்சிருக்காங்க. அதை அறுத்துட்டு வந்து நாலு நாள் மூலையில போட்டு, கொழகொழன்னு ஆனதும் கையாலயே பிசைஞ்சு, ஒரு ராத்திரி தண்ணியில ஊற விட்டு, காலையில சொம்பு சொம்பா தண்ணி ஊத்தி சாய்க்கிறாங்க. சொத்தை எல்லாம் மேல மிதந்து ஓடிருது, அடியில மஞ்சமஞ்சேர்னு கனமான வெதை மட்டும் தங்குது. நான் ஒரு கை அள்ளிப் பாத்தேன், ஈர மணல் மாதிரி, ஆனா வழுக்குது. அதை சாம்பல்ல புரட்டி வேட்டித் துணியில நிழல்ல காய வச்சிட்டாங்க. இந்த மொத்த வேலைக்கும் செலவு பூஜ்யம்னு என் கணக்குப் புத்தி சொல்லுது, பெரியம்மாவோட அஞ்சு நாளை எந்த கட்டத்துல எழுதுறதுன்னு அந்தப் புத்திக்கு தெரியல.

"அப்போ ஏன் பெரியம்மா எல்லாரும் பாக்கெட் வாங்குறாங்க?"ன்னு கேட்டேன். "ஹைப்ரிட் செடி ஒண்ணு மூணு செடி காய் காய்க்குதுடி, ஒரே சைஸு, பெட்டியில அடுக்குனா பெங்களூர் வரைக்கும் நசுங்காது. என் காய் ருசி, ஆனா ரெண்டு நாள்ல வாடிரும்." அப்புறம் மெதுவா, "பக்கத்து கொல்லையில ஹைப்ரிட் வச்சிருக்காங்க, ரெண்டு வருஷமா என் செடியில அஞ்சாறு முள்ளு இல்லாம வருது. தேனீக்கு வரப்பு தெரியுமா"ன்னாங்க.

ஹைப்ரிட்ல எடுத்த வெதையை திரும்பப் போட்டா என்ன ஆகும்னு சித்தப்பா சொன்ன விளக்கம்: "புள்ளைங்க அப்பா அம்மாவ மாதிரி ஒண்ணா இருக்கும், பேரப் புள்ளைங்க ஒண்ணு தாத்தா மாதிரி, ஒண்ணு பாட்டி மாதிரி, ஒண்ணு எவன் மாதிரின்னே தெரியாது." அதோட நிறுத்தியிருக்கலாம், "நம்ம வூட்டுல பாக்கலயா"ன்னு சித்தியை பாத்தாரு, மதிய சோறு லேட்டாதான் வந்துச்சு.

கத்திரிக்காய்னா பிடி கத்திரி, அதான் காய்ப்புழு தாக்காம இருக்க மரபணு மாத்துன கத்திரி, ஞாபகம் வராம இருக்காது. 2010 பிப்ரவரியில ஜெய்ராம் ரமேஷ் மந்திரியா இருந்தப்ப நிறுத்தி வச்சது, இன்னும் நிக்குது. பங்களாதேஷ்ல 2013லயே அனுமதிச்சுட்டாங்க. நம்ம கோயம்புத்தூர் பல்கலைக்கழகமே கோ 2, பிஎல்ஆர் 1னு நாலு ரகத்துல அந்த ஜீனை ஏத்தி வச்சிருந்துச்சு, கம்பெனி ஹைப்ரிட் இல்ல, விவசாயி எடுத்து வச்சுக்கக்கூடிய ரகம். காய்ப்புழுவுக்கு வாரம் ரெண்டு தடவை மருந்து அடிக்கிறதை இங்க கண்ணால பாத்த பிறகு எனக்கு ரெண்டு பக்கமும் பேச வாய் வரல. பெரியம்மா ஒரே கேள்விதான் கேட்டாங்க, "அது வந்தா தேனீ அதையும் தூக்கிக்கினு வந்து என் செடியில போடுமா?"

கிளம்பும்போது சின்ன முடிச்சா வெதை குடுத்தாங்க. காசு வாங்க மாட்டேன்னுட்டாங்க, ஊருல மத்தவங்களுக்கு காசுக்குத்தான் தர்றாங்களாம். அது தப்பில்ல, 2001 பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டம் 39வது பிரிவுல விவசாயி தன் வெதையை வச்சுக்கலாம், மாத்திக்கலாம், விக்கலாம்னு இருக்கு, பிராண்ட் பேரு போட்டு மட்டும் விக்கக் கூடாது. பெரியம்மா பிராண்டு போட்டா என்ன போடுவாங்கன்னு வழி முழுக்க யோசிச்சு சிரிச்சுக்கிட்டே வந்தேன்.

நாலாம் நாள், வியாழன்

ஆரணி பக்கம், சித்தப்பாவோட பழைய தோஸ்து வீடு. கண்ணமங்கலம் தாண்டுனதும் ரெண்டு பக்கமும் சொர்ணவாரி பட்டத்து நெல்லு, கிணத்துத் தண்ணி பாயுற இடமெல்லாம் பச்சை. அவரு கோ 51ங்கிற நெல்லு ரகத்தை வெதைப் பண்ணையா பதிவு பண்ணி போட்டிருக்காரு. பக்கத்து நெல்லுக்கும் இவரு நெல்லுக்கும் நடுவுல 3 மீட்டர் இடைவெளி. கதிர் வர்ற நேரம், கலவன் பிடுங்குறாங்க, அதாவது உயரமா நிக்கிறது, முன்னாடியே பூத்தது, மூக்கு கலர் வேறயா இருக்கறது எல்லாத்தையும் வேரோட. நான் ஒரு மணி நேரம் கூட இறங்கிப் பாத்தேன், பத்து செடி பிடுங்குனேன், அதுல ஆறு நல்ல செடின்னு அவரு சொல்லிட்டாரு, மரியாதையா வரப்புல ஏறிட்டேன்.

நாத்தங்கால்ல இருந்து அறுப்பு வரைக்கும் சான்றுத்துறைக்காரங்க வந்து பாப்பாங்க, அப்புறம் சுத்தம் பண்ணி, ஈரம் 13 சதவீதத்துக்குள்ள காய வச்சு, லேப்ல 80 சதவீதமாவது முளைச்சாதான் நீல அட்டை. இவ்ளோ பாடு பட்டதுக்கு சாதா நெல்லை விட கிலோவுக்கு கொஞ்சம்தான் கூட கிடைக்குது, பணம் வர மாசக்கணக்காகுதுன்னு புலம்புனாரு. அப்புறம் ஏன் போடுறீங்கன்னா, "எங்கப்பா காலத்துல இருந்து வெதைக்காரர் வூடுன்னு பேரு"ன்னாரு.

அவங்கப்பாவுக்கு 85 இருக்கும், திண்ணையில கயித்துக் கட்டில். பசுமைப் புரட்சியில ஐஆர் எட்டுங்கிற குட்டை நெல்லு வந்த கதையை கேட்டதும் எழுந்து உக்காந்துட்டாரு. கலெக்டர் ஆபீஸ்காரங்க வந்து கெஞ்சுனாங்களாம், வாங்கிப் போடுங்கன்னு, சாயவே சாயாத நெல்லு, ஆனா சோறு ஆறுனா கல்லு மாதிரி. "ஐயாரெட்ட வித்துட்டு வூட்டுக்கு கிச்சிலி சம்பா வச்சிக்குவோம்." எழுபதுகள்ல வெள்ளைக்காரங்க நோட்டு வச்சுக்கிட்டு வந்து எவ்ளோ போட்ட, எவ்ளோ வந்துச்சு, யார்கிட்ட கடன்னு கேட்டாங்களாம். அது நிஜம்தான், 1973-74ல கேம்பிரிட்ஜ் ஆளுங்க வட ஆற்காட்டு கிராமங்கள்ல பெரிய சர்வே எடுத்தாங்க, பசுமைப் புரட்சி நிஜமா எந்த அளவுக்கு ஊருக்குள்ள இறங்கியிருக்குன்னு பாக்க. இவரு என்ன சொன்னாருன்னு கேட்டேன். "கடனை மட்டும் கம்மியா சொன்னேன்"ன்னாரு.

இன்னொரு விஷயம், ஊரெல்லாம் சாப்பிடுற பிபிடி 5204ங்கிற நெல்லு ரகம் இருக்கே, பாபட்லாவுல 1986ல வந்தது, அதோட தாத்தா வரிசையில ஜிஇபி 24 இருக்கு, கோயம்புத்தூர்ல 1921ல வெளிவிட்டது, அதையும் கிச்சிலி சம்பான்னுதான் நம்மாளுங்க கூப்பிட்டாங்க. பெரியவருக்கு சொன்னேன், பெருசா அசரல, "அதான் ருசி அப்படி"ன்னுட்டு படுத்துட்டாரு.

திரும்பி வர்ற வழியில ஒரு நர்சரி, குழித்தட்டுல தக்காளி நாத்து. ஒரு தட்டுல 98 குழி, தென்னை நார்க்கழிவு, நாத்து ஒண்ணு 1 ரூபா சொச்சம். இப்போ பாதிப் பேரு வெதையே வாங்குறதில்ல, நாத்தாதான் வாங்குறாங்க. சௌகரியம்தான், ஆனா பாக்கெட்டைக் கண்ணால கூட பாக்க முடியாது, அவங்க சொல்றதுதான் ரகம். விதைச் சட்டத்துல வெதைன்னா நாத்தும் சேத்திதான், அதனால இவங்களும் லைசென்ஸ், ரசீதுன்னு எல்லாத்துக்கும் உட்பட்டவங்கதான். பில்லு தருவீங்களான்னு கேட்டேன், அந்தப் பையன் என்னை ஜிஎஸ்டி ஆபீசர்னு நினைச்சு ஓனரை கூப்பிட ஓடிட்டான்.

அஞ்சாம் நாள், வெள்ளி

ஜவ்வாது மலை ஏறி ஜமுனாமரத்தூர்ல சாமை பாக்குற பிளான் மழையில போச்சு. அத்தியந்தல் சிறுதானிய மையத்துல வந்த ஏடிஎல் 1 சாமை அங்க எப்படி போகுதுன்னு பாக்க ஆசையா இருந்துச்சு. அடுத்த தடவை.

காலையில சாக்கைப் பிரிச்சோம். சித்தப்பாவோடது 100க்கு 71, மச்சான் அனுப்புன லேபாக்ஷி 86. சான்று வெதைக்கே மல்லாட்டயில 70 இருந்தா போதும், அதனால சித்தப்பா பாஸ்னு நான் சொல்ல, சித்தி குனிஞ்சு நீட்டு முளை, குட்டை முளைன்னு பிரிச்சுட்டு "இதுல 60தான் கொல்லையில மேல வரும், மீதி சாக்குல வந்த தைரியம்"ன்னாங்க. ஏக்கருக்கு அஞ்சு கிலோ கூடப் போடுறதுன்னு முடிவாச்சு.

பத்து மணிக்கு அதே கடை. போற வழியெல்லாம் சித்தப்பா பேசவே இல்ல. நான் போன மாசச் சம்பளத்துல 5,000 எடுத்து கையில குடுத்திருந்தேன், பழைய பாக்கியில கழிக்க. அதை முதல்ல கவுண்டர்ல வச்சாரு, கடைக்காரரு முகம் மலர்ந்துச்சு, அந்த மலர்ச்சி அடங்கறதுக்குள்ள "ணா, இந்த தடவ பாக்கெட்டுக்கு ஒரு பில்லு போட்டுடு, பாப்பா ஆபீஸ்ல ஏதோ காட்டணுமாம்"ன்னு பழியை என் மேல போட்டாரு. எனக்கு சிரிப்பு தாங்கல. கடைக்காரரு என்னைப் பாத்தாரு, டிராயரை திறந்தாரு, பில் புக்கு இருந்துச்சு, மேல தூசி தட்டுனாரு.

தேதி, சித்தப்பா பேரு, ஊரு, "தக்காளி 4 பாக்கெட்", 2,560, கீழ கடன்னு எழுதி கிழிச்சுக் குடுத்தாரு. சித்தப்பா மடிச்சு சட்டைப் பையில வைக்கப் போனதை நான் வாங்கிப் பாத்தேன். ரகம் பேரு இல்ல, லாட் நம்பர் இல்ல. கேட்டா "அதெல்லாம் பாக்கெட்லயே இருக்கும்மா"ன்னாரு. சரிதான், ஆனா பாக்கெட்டு வரப்புல பறக்குமே. பேனாவை நீட்டுனேன். அவரு ஒரு நிமிஷம் சும்மா இருந்துட்டு கண்ணாடியை நெத்தியில இருந்து இறக்கி பாக்கெட்டை வெளிச்சத்துல புடிச்சு அந்த எறும்பு எழுத்தை ஒவ்வொண்ணா படிச்சாரு, நாலுல ஒரு பாக்கெட்டு மட்டும் வேற லாட்டு. சோதனை தேதியைப் பாத்துட்டு அதை அவரே எடுத்து பின்னாடி அலமாரிக்குள்ள போட்டுட்டு வேற ஒண்ணு குடுத்தாரு. ஏன்னு சொல்லல. நாங்களும் கேக்கல.

ரயில் 2 மணிக்கு. ஸ்டேஷன்ல இறக்கி விட்டுட்டு சித்தப்பா சட்டைப் பையைத் தொட்டுப் பாத்துக்கிட்டாரு, "காலி பாக்கெட்ட அரிசி டப்பாவுல போட்டு வைக்க சொல்றேன் சித்திகிட்ட, கூட பத்து வெதையும்." பையில எனக்கு பீர்க்கன், முள்ளு கத்திரி, ரெண்டு கிலோ மல்லாட்ட. மழை திரும்ப தூற ஆரம்பிச்சிருச்சு, நாத்து விட நல்ல ஈரம்னு சொல்லிட்டு வண்டியை திருப்பிட்டாரு.